கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்துது

தையல்காரி வீட்டுச் சுவரில் கசிந்த தண்ணீருக்கு ஆள் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் தெருமுனையில் திரும்பியதுமே அது குளியலறைக் குழாய்க்குள் திரும்பிப் போய்விடும். அவர் வந்து விரல் மடக்கித் தட்டிப் பார்க்கும்போது சுவர் சுக்காய்க் காய்ந்திருக்கும். அவருடைய வண்டிச் சத்தம் அடங்கியதும் மறுபடி ஊற ஆரம்பிக்கும். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்று சொல்வதால் தெருவில் அவருக்குப் பார்ப்போம் என்றே பெயர். பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

உண்மையில் தண்ணீர் வந்தது ஒரே வீச்சில்தான். பேருந்து ஓட்டுநரான கணவர் தலை நிறையச் சோப்போடு நின்றிருந்தபோது டைல்ஸுக்குப் பின்னால் குழாய் வெடித்து, பக்கத்து அறையில் அவள் வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் மிதந்தது. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு கத்தியதைத் தெருவே கேட்டது. ஆனால் கம்பெனிக்குப் போன் செய்தபோது எடுத்த பெண்ணின் குரல் பாவம், களைத்திருந்தது. "திடீர்னு வந்துதா, கொஞ்சம் கொஞ்சமா வந்துதாம்மா?" என்று அந்தப் பெண் கேட்க, முன்பின் தெரியாதவளிடம் பெரிதுபடுத்துவானேன் என்று இவள், "பெருசா ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்துது" என்று சொல்லிவிட்டாள். பசியில் காது அடைத்தாலும், சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்கிற வாய் அது. திடீரென்று வந்தால்தான் இழப்பீடு, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் வீட்டில் இருப்பவர்களின் கவனக்குறைவு என்பது பாலிசியின் சட்டம். "நுணலும் தன் வாயால் கெடும்" என்றார் கணவர். அன்றுமுதல் தண்ணீரும் அவள் சொல்லைக் காப்பாற்றுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகவே வந்தது.

சொன்னதை மாற்ற வேண்டுமானால் சர்வேயர் ஈரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை குழாயைத் தொட்டால் கிளைம் செல்லாது. பிளம்பர் சுத்தியலோடு வருவார், டீ குடித்துவிட்டுப் போவார். இப்படியே வருடங்கள் ஓடின. தையல் மெஷின் துருவேறி முனகியது. பூசணம் பிடித்த சட்டைகளை முகத்தில் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். மகள் இருமிக்கொண்டே படித்து, இருமிக்கொண்டே கல்யாணமாகிப் போனாள். அந்த அறையை விட்டால் தையல்காரிக்குத் தொழிலே இல்லை. கம்பெனிக்கு நடையாய் நடந்தாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். இங்கே சுவர் கரைந்ததே தவிர கம்பெனி கரையவில்லை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் சுவரையே அதட்டினாள். "அந்தாளு வந்தா ஒளிஞ்சுக்கற, எங்கிட்ட மட்டும்தான் உன் வீரமா?" சுவர் ஒரு சொட்டு விட்டது.

கடைசியில் கிளைமை மூடிவிட்டதாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பார்ப்போமின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள், யாருக்கும் சிரமம் தராமல் பேசியே வாழ்ந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் குரலை உயர்த்தினாள். "அன்னிக்கு நான் பொய்தான் சொன்னேன் சார். திடீர்னுதான் வந்துது! படீர்னு வந்துது!"

சொல்லி வாய் மூடவில்லை, குழாயே ஓடாத அந்தக் கூரையிலிருந்து பார்ப்போமின் தலையில் தண்ணீர் படீரென்று கொட்டியது. அதில் தன் வீட்டுச் சோப்பு வாசனை அடித்ததால் யார் வீட்டுத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொட்டச் சொட்ட நின்ற பார்ப்போம் அவளையே கேட்டார்: "எப்பலேர்ந்தும்மா இது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் சார் வந்திருக்கும்."

அவளுக்குக் காலணா வரவில்லை. கம்பெனி தன் கூரைக்காக வேறொரு கம்பெனியில் கிளைம் போட்டது. அங்கிருந்து ஆள் வரும்போதெல்லாம் கூரை சுக்காய்க் காய்ந்திருக்கிறதாம். பார்ப்போம் மேசையில் குடையைக் கட்டிவைத்து வேலை பார்க்கிறார், கேட்பவர்களிடம் பழகிவிட்டது என்கிறார். தையல்காரி மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். அளவு டேப்பை மாட்டுவதற்காகக் குளியலறைப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தூசிதான் உதிர்ந்தது.