கவிழ்த்து வைத்த குடுவைகள்

அன்று காலையும் குடுவைகள் கழுவப்பட்டிருந்தன.

விளக்கைப் போட்ட சமையல்காரரின் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது. முந்தின மாலை தொட்டி நிறைய அழுக்காகக் கிடந்த கண்ணாடிப் பாத்திரங்கள் இப்போது பலகையில் தலைகீழாகக் கவிழ்ந்து வரிசையாக நின்றன. ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க இரண்டு குடுவைகளுக்கு நடுவே ஒரு கந்தைத் துணி. வாயை மூடியிருந்த அலுமினியத் தாள்களைக்கூட யாரோ நீவி நீவி அடுக்கியிருந்தார்கள். ஒரு குடுவையைத் தொட்டுப் பார்த்தார். வெந்நீரின் சூடு இன்னும் போகவில்லை.

இப்படித் துணி வைக்கும் வழக்கம் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. பொழுது விடிந்தால் பொழுது போனால் குழாயடியிலேயே நிற்பதால் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். அவளை வேலையிலிருந்து நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

இவரைச் சமையல்காரர் என்பதும் பாதி கேலிதான். அங்கே வளர்க்கிற ஈஸ்ட்டுக்குத் தீனி காய்ச்சுவது இவர் வேலை. சர்க்கரை, சத்துப்பொடி, கடற்பாசிப் பொடி எல்லாவற்றையும் கொதிக்கவைத்துத் தட்டுகளில் ஊற்றி உறையவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் வேளை தவறாமல் சாப்பிட்டன. காய்ச்சிப் போடுகிறவர் சாப்பிடத்தான் மத்தியானம் மூன்று மணி ஆகும்.

குழாயக்காவுக்குப் போன் அடித்துப் பார்த்தார். நேற்றைப் போலவே அணைந்து கிடந்தது. செத்துக்கித்துப் போயிருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அறை முழுக்கப் புளித்த மாவு வாசனை. தினமும் சுவாசிக்கிற வாசனைதான், ஆனால் இன்று அதற்குள் யாரோ நிற்பது போலிருந்தது.

"பாவம் அண்ணே நீங்க. காய்ச்சுறதும் நீங்க, கழுவுறதும் நீங்க" என்றாள் ஆராய்ச்சி மாணவி, உள்ளே வந்ததும்.

அவர் தலையை ஒரு தினுசாக ஆட்டினார். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம். நான் கழுவவில்லை, பேய் கழுவுகிறது என்று சொல்லித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள அவருக்கு மனமில்லை. வீட்டில் மனைவியும் படிக்கிற மகளும் இந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

மாணவி ஒரு தட்டை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர்தான் அந்தக் கூடத்துக்கு எல்லாம். "சார், அந்தக் கைனேஸ் ஜீனை வெட்டி எடுத்துட்டேன். செல்லு செத்திருக்கணும். ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி வளர்ந்திருக்கு."

"கைனேஸ்னா மத்த புரதத்தைத் தட்டி எழுப்பி வேலை வாங்குற ஆளு. ஒருத்தன் போனா அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்க இன்னொருத்தன் இருப்பான். ரெண்டையும் எடுத்துப் பாரு, அப்பத் தெரியும்." டாக்டர் சமையல்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இவரைப் பாரு. கழுவுற ஆளை எடுத்தோம். ஏதாவது நின்னுச்சா?"

சமையல்காரரும் சிரித்து வைத்தார். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு வாயில் கசந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அவர் விடிவதற்கு முன்பே வந்தார். விளக்கில்லாத அறையில் தண்ணீர் ஓடும் சத்தம். தொட்டியருகே ஓர் உருவம் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது.

"யாரு?"

"நான்தாண்ணே. லைட்டைப் போடாதீங்க."

பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. "உனக்குப் பைத்தியமா? எப்படி உள்ள வந்தே?"

"சாவியை யாரும் திருப்பிக் கேக்கலியே." குழாயக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போனை வித்துட்டேன். வேலை போனதை வீட்ல சொல்லலண்ணே. காலையில கிளம்பி எங்கேயாவது போகணுமில்ல. இடத்தை விட்டுட்டா வேற ஆளு வந்து நின்னுடுவா. என்னிக்காவது டாக்டர் கேப்பாரு, யாரு இவ்வளவு சுத்தமா கழுவுறதுன்னு. அப்பத் திரும்பக் கூப்பிட்டுக்குவாரு."

"நான் கழுவுறேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்கம்மா."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"நீங்க இல்லைன்னு சொல்லலியா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. "இன்னிக்குச் சொல்லிடுறேன்" என்றார், தரையைப் பார்த்து. நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தார்.

டாக்டரின் அறைக்குள் அவர் போனபோது, டாக்டர் உட்காரச் சொன்னார். இதுவரை அவரை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"ஒரு ஆளு குறைஞ்சும் கூடம் நல்லாத்தானே ஓடுதுன்னு மேல கேக்குறாங்க. காய்ச்சுறதையும் பசங்களே பார்த்துக்கட்டும்னு முடிவாயிடுச்சு. என் கையில ஒண்ணுமில்லை. தேவைப்பட்டா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன்."

சொல்ல வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். இனி அதைச் சொன்னால் அவள் திருட்டுத்தனமாக நுழைந்தாள் என்றுதான் ஆகும்.

வெளியே வந்தால், மாணவி ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. "ரெண்டையும் எடுத்ததும் செத்துடுச்சு அண்ணே" என்றாள், முகமெல்லாம் மலர்ச்சியாக. நல்லது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடியுமுன்பே கிளம்பினார். மனைவி எப்போதும் போலச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். தெருவில் இறங்கிய பிறகும் கால்கள் யாரையும் கேட்கவில்லை. பழகிய வழியிலேயே நடந்து, பின்பக்கத்துக் கதவின் முன் கொண்டுபோய் நிறுத்தின.

குழாயக்கா திரும்பிப் பார்த்தாள். இந்த நேரத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தொட்டியருகே அழுக்குப் பாத்திரங்களை நகர்த்தி அவருக்கு இடம் ஒதுக்கினாள். பிறகு தன் வலது கையிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றி, உதறி, அவரிடம் நீட்டினாள்.