உள்ளிழுத்த மூச்சு

கணவனின் சவப்பெட்டியருகே நின்று குட்வெய்க் துதிப்பாடலின் முதலடியை எடுத்தபோது, தார் பூசிய அந்தப் பழைய மரத் தேவாலயத்தின் கதவு திறந்தது. சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம், சிவப்பும் மஞ்சளுமாய் மழைக்கோட்டுகள் சலசலக்க உள்ளே வந்தது. முன்னால், கையில் வழிகாட்டியின் சிறு கொடியுடன் அவள் மகன் அஸ்லாக். பெட்டியின் முன்கைப்பிடி அவனுக்கென்றே விடப்பட்டிருந்தது.

அவள் பாட்டை நிறுத்தவில்லை. இறைவன் முன் எடுத்த அடியை இவர்களுக்காகவா இறக்குவது? அருவிக்குப் புறங்காட்டி நின்று தம் முகத்தையே படமெடுத்துக்கொள்ளும் கூட்டம். கூரை முகட்டில் வாய்பிளந்து நிற்கும் மரநாகங்களைப் பற்றி மகன் இவர்களுக்குச் சொல்லும் வரலாற்றை ஒருமுறை கேட்டிருக்கிறாள். பாதி பொய், மறுபாதி, அவர்கள் கேட்க விரும்பிய பொய்.

பாட்டு முடிந்து மௌனம் இறங்க வேண்டிய இடத்தில் கைதட்டல் இறங்கியது. சவப்பெட்டியைக் கண்டுமா தட்டினார்கள்! முன்வரிசையில் அண்டைவீட்டு இங்கெலைவ் முணுமுணுத்தாள்.

"உன் மவன் அப்பாவுக்கு நல்லாத்தான் கூட்டம் சேத்திருக்கான். டிக்கெட்டு எவ்வளவாம்?"

பெட்டியருகே வந்த அஸ்லாக்கின் முகம் வெளிறியிருந்தது.

"நீதானம்மா சம்மதிச்ச. முந்தாநாள் போன்ல, இவங்க பின்னால நின்னு பாக்கட்டுமான்னு கேட்டேன். மூச்ச உள்ள இழுத்தியே."

உண்மைதான். அந்தப் பள்ளத்தாக்கில் வாய் திறந்து ஆமாம் சொல்பவர் குறைவு; 'ம்' என்று மூச்சை உள்ளிழுத்தால் இசைவு. இப்போது பெட்டியில் கிடக்கும் டோர்லைவ் அவளை மணக்கக் கேட்ட நாளில் அவர் பெற்ற விடையும் அந்த ஒரு மூச்சே. ஆனால் மகன் கேட்டபோது அவள் இழுத்தது, வயிற்றில் சுமந்த பிள்ளை இப்படியும் கேட்பானா என்ற அருவருப்பில் திணறிய மூச்சு.

"வந்தவன் போனவனுக்கெல்லாம் இந்த ஊர விளக்குற. பெத்தவ மூச்சு உனக்கு வெளங்கலையாடா?"

அவன் தலைகுனிந்தான். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பெட்டியைச் சுமப்போர் தத்தம் இடத்தில் நின்றுவிட்டனர். முன்கைப்பிடி மட்டும் காத்திருந்தது.

"அப்பாவ நான் தூக்கட்டுமாம்மா?"

யாரோ கதவை அகலத் திறந்தார்கள். மலையிடுக்குக் கடலின் குளிர்காற்று மெழுகுவர்த்திகளைச் சாய்த்து வந்து அவள் முகத்தில் மோதியது. குட்வெய்க்கின் மூச்சு சட்டென உள்ளே போயிற்று.

கைப்பிடிக்குச் சற்று மேலே அவன் கை நின்றது; கண்கள் அவள் வாயையே பார்த்திருந்தன.