முதல் ஓட்டம்

கனகராஜுக்கு உலகத்தில் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. அதில் முதல் வரிசையில் நிற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள். ஈப்போ நகரம் சோம்பல் முறிக்கும் நேரத்தில் உடம்போடு ஒட்டிய சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். ஓட்டட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் சாலையை அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி அடைத்துக்கொண்டு, தோளோடு தோள் உரசிக் கதை பேசிக்கொண்டே போவார்கள். பின்னால் சரக்கு ஏற்றிய லோரி முனகிக்கொண்டு ஊர்ந்து வரும். ஹோன் அடித்தால் திரும்பி முறைப்பார்கள். சிவப்பு விளக்கு அவர்களுக்குக் கிடையாது. ஒருவழிச் சாலையும் கிடையாது. எதிரே வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும்.

போன மாதம் நடந்தது கனகராஜின் நெஞ்சில் இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. முதலாளியின் லோரியோடு சிலிபின் சந்திப்புக்கு வந்தான். பச்சை விளக்கு விழுந்து லோரி நகர்ந்ததும், மஞ்சள் சட்டை போட்ட ஒரு சைக்கிள்காரன் குறுக்கே பாய்ந்தான். கனகராஜ் பிரேக்கின்மேல் ஏறி நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் என்ன செய்தான் தெரியுமா? நேரே வந்து லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

"கண்ணு எங்கடா இருக்கு? கோட்டத் தாண்டி நிக்கிற. கோஸ்தான் எடு! எடுடா கோஸ்தான்!"

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் கோஸ்தான் என்றுதான் பேர். கனகராஜ் எடுத்தான். லோரி அவனுடையதல்ல. முதலாளியிடம் புகார் போனால் சோற்றில் மண் விழும். மோட்டார்காரர்கள் பார்த்துச் சிரிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான். அன்றைக்கு விழுங்கிய கோபம் அவனுக்குச் செரிக்கவே இல்லை.

இன்றைக்கு அவனே முதலாளி. ஹுத்தான் மெலிந்தாங் பக்கத் தோட்டத்தில் பிறந்து, அடுத்தவன் லோரியிலேயே தலை நரைத்தவன், கடைசியில் சொந்தமாக ஒரு லோரி வாங்கிவிட்டான். பழைய லோரிதான். ஆனாலும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டதும், கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. சிலிபினில் ஒருவழிச் சந்துக்குள் இருக்கும் முனியாண்டி கோயில் வாசலில் அதை நிறுத்திப் பூசை நடந்தது. உறுமி மேளம் காதைக் கிழித்தது. கோயில் பூசாரி இராமசாமி வேறு யாருமில்லை, கனகராஜின் மனைவி பாப்பாவுக்குச் சொந்த அண்ணன்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் இராமசாமி. அறுத்த சேவலின் ரத்தத்தை முன் சக்கரத்தில் தொட்டு வைத்தார். பாராங் கத்தியால் பூசணிக்காயைப் பிளந்து, குங்குமத்தைத் திணித்து, லோரிக்கு முன்னால் ஓங்கிப் போட்டு உடைத்தார். பிறகு கதவருகே வந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த கனகராஜை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள, நல்லா கேட்டுக்க. பழம் நசுங்கினதுக்கு அப்புறம் முன்னாலதான் போவணும். ஒரு சுத்து சுத்திக் கோயிலுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் கோஸ்தான் எடுக்கவே கூடாதுலா."

"தெரியும் மச்சான்."

"தெரியும் தெரியும்ங்கிற. பாகான் டத்தோவுல ஒருத்தன் முத ஓட்டத்துல கோஸ்தான் எடுத்தான். அந்த வருசமே லோரியோட ஆத்துல போனான். மொதலாளி கால்ல விழுந்து பொழச்ச பொழப்பு போதும். இனிமே பின்னால போவாத."

அந்தக் கடைசி வார்த்தை கனகராஜின் மனத்தில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. சாமி சொன்னாலும் சரி, சாமியாடி சொன்னாலும் சரி, இனிமேல் எவனுக்காகவும் பின்னால் போவதில்லை என்று அவன் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தான்.

பாப்பா மட்டும் முன்னால் குனிந்து, தென்னந்துடைப்பத்தால் பூசணித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத ஏன் கூட்டுற? கண்ணேறு கழிச்சது, அப்படியே கெடக்கட்டும்" என்றார் இராமசாமி.

"நீங்க சும்மா இருங்கண்ணே. யாராச்சும் மோட்டார்ல வந்து வழுக்கி விழுந்தா அந்தப் பாவம் யாருக்கு?"

அவள் அப்படித்தான். ரோட்டில் ஆணி கிடந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். துண்டுகளை ஒதுக்கிவிட்டு, இடது ஓரமாக விலகி நின்று, வா வா என்று கணவனைப் பார்த்துக் கையசைத்தாள். முகமெல்லாம் பல்.

கனகராஜ் கிளட்சை விட்டான். பழங்கள் நசுங்கின. லோரி மெல்ல உருண்டது. சொந்த லோரி! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரத்தோடு நிமிர்ந்து பார்த்தால், சந்து வளைவில் திமுதிமுவென்று சைக்கிள்கள்!

ஒருவழிச் சந்தில், எதிர்ப்பக்கமாக, பாய்ச்சலில் வந்தார்கள். பெரிய சாலையைச் சுற்றி வரச் சோம்பல். லோரி வருகிறது, பூசை நடக்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், ஒன்றும் அவர்கள் கண்ணில் படவில்லை. "தெப்பி! தெப்பி!" என்று கத்தினார்கள். ஒதுங்கு, ஒதுங்கு! முதலில் வந்தவன் மஞ்சள் சட்டைக்காரன். அதே ஆள். பேர் குமரப்பன், டவுனில் வக்கீல் ஆபீஸ் வைத்திருப்பவன். அதெல்லாம் கனகராஜுக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அந்த மஞ்சள் சட்டை ஒன்றுதான்.

கனகராஜ் பிரேக்கை மிதித்தான். சைக்கிள் கூட்டம் இரண்டாகப் பிரிந்து லோரியின் இரு பக்கமும் புகுந்தது. வலப்பக்கம் வந்த ஒருவன் பூசைத் தட்டில் மோதினான். தட்டு பறந்தது. விபூதியும் சூடமும் கோழி ரத்தமும் தார் ரோட்டில் சிதறின. உறுமிக்காரனின் தம்பி அவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்தினான். இன்னொரு சைக்கிள்காரன் தலைக்கவசத்தைக் கழற்றி அதையே ஆயுதமாக்கி, உறுமிக்காரனின் தலையில் இறக்கினான். காற்றடிக்கும் பம்பு ஒருவனின் பல்லைப் பெயர்த்தது. பெண்கள் அலறினார்கள். இராமசாமி பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு, "சாமி தட்ட தள்ளிட்டானுங்கடா!" என்று ஓடிவந்தார். கத்தியில் இருந்தது குங்குமம்தான். அது சைக்கிள்காரர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவன் ஒரு செங்கல்லை எடுத்து அவர் நெற்றியில் எறிந்தான். அடுத்த நொடியில் பூசாரியின் முகத்தில் உண்மையான ரத்தமே வழிந்தது.

கனகராஜ் வலப்பக்கக் கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாருமே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இடப்பக்கம் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

இடப்பக்கம் குமரப்பனின் முன் சக்கரம் பூசணிச் சாற்றில் வழுக்கியது. சைக்கிள் சறுக்கிப் போய் ஓரமாக நின்ற பாப்பாவின் காலை வாரியது. அவள் நேரே லோரியின் மூக்குக்கு அடியில் போய் விழுந்தாள். லோரி அப்போதும் கடைசியாக ஒரு முழம் உருண்டது. அவள் சேலை முன் சக்கரத்துக்குள் சிக்கியது. அவள் தொடை சக்கரத்தின் முகத்தோடு ஒட்டிக் கிடந்தது. எழவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. விழுந்த வேகத்தில் மூச்சு அடைத்துப் போய்க் கத்தக்கூட வரவில்லை. லோரியின் உயரத்திலிருந்து பார்த்தால் மாலையும் வெறும் ரோடும்தான் தெரியும்.

அவளைப் பார்த்தவன் குமரப்பன் ஒருவன்தான். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். சேலை விடவில்லை. முழங்கை சிராய்ந்து ரத்தம் சொட்ட, எழுந்து ஓடிவந்து கனகராஜின் கதவை இரண்டு கையாலும் அடித்தான்.

"கோஸ்தான் எடு! கோஸ்தான் எடு!"

கனகராஜ் குனிந்து பார்த்தான். அதே மஞ்சள் சட்டை, அதே கை, அதே வார்த்தை! தப்பான பக்கம் வந்து, சாமித் தட்டைத் தள்ளி, ஆளை அடித்து, இவனுக்கு வழிவிட நான் பின்னால் போக வேண்டுமா? இன்றைக்கா? என் லோரியிலா? ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. அவன் ஹோனை அழுத்தினான். அழுத்திய கையை எடுக்கவில்லை. சந்தே அதிர்ந்தது.

குமரப்பன் படியில் ஏறிவிட்டான். திறந்த ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்தினான்.

"அண்ணே, கீழ ஆள் இருக்கு! சக்கரத்துக்கிட்ட ஆள் இருக்கு!"

இது கனகராஜின் காதில் நன்றாகவே விழுந்தது. யாரோ சைக்கிள்காரன் விழுந்து கிடக்கிறான் என்று நினைத்தான். விழட்டுமே. எதிர்ப்பக்கம் வரும்போது தெரியவில்லையா?

"ஒன் ஆள நீயே இழுத்துப் போட்டுக்க! எவன் செத்தாலும் சரி, நான் கோஸ்தான் எடுக்க மாட்டேன்டா!"

குமரப்பன் பேச்சை விட்டுக் கையை உள்ளே நீட்டிக் கியரைப் பிடித்தான். வக்கீல்தான், ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கனகராஜ் இருக்கைக்கு அடியிலிருந்து சக்கரம் கழற்றும் ஸ்பானரை உருவினான். கியரைப் பிடித்திருந்த கையின்மேல் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் ஹோன் சத்தத்தையும் மீறிக் கேட்டது. குமரப்பன் கையை எடுக்கவில்லை. இன்னொரு அடி தோளில் விழுந்தது. இன்னொன்று காதோரத்தில். தலைக்கவசம் பிளந்தது. அவன் வாயில் ரத்தத்தோடு அப்போதும், "கோஸ்தான்... அண்ணே... கோஸ்தான்..." என்றான். கனகராஜ் அவன் மார்பில் காலை வைத்து உதைத்தான். மஞ்சள் சட்டை பின்பக்கமாக ரோட்டில் போய் விழுந்தது.

பிறகு கனகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டான். ஏற்றிக் கொல்ல வேண்டும் என்றெல்லாம் இல்லை. கொஞ்சம் முன்னால் உறுமினால் கீழே நடிப்பவன் எழுந்து ஓடுவான் என்று கணக்குப் போட்டான். கிளட்சை விட்டான். லோரி ஒரு முழம் முன்னால் துள்ளியது.

அலறல் கேட்டது. பெண் குரல். அந்தக் குரலை அவன் எத்தனை வருசமாகக் கேட்கிறான்!

சண்டை நின்றது. கனகராஜின் கை தானாகவே கியரைப் பின்னால் தள்ளியது. லோரி பின்னால் போயிற்று. நசுங்கிய எலுமிச்சம்பழங்களை மறுபடியும் மிதித்துக்கொண்டு போயிற்று.

அவன் கதவைத் திறந்து குதித்து ஓடிவந்தபோது, பாப்பாவின் வலது தொடை தொடையாக இல்லை. சேலையின் சிவப்பு எது, ரத்தம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் குமரப்பன் மண்டியிட்டிருந்தான். அவன் ஒரு கை உடைந்து தொங்கியது. இன்னொரு கையால் சைக்கிள் பையிலிருந்து ரப்பர் டியூபை உருவி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, அவள் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் காதிலிருந்து ரத்தம் அவள் கால்மேல் சொட்டியது.

"நான்தான்... நான்தான் இடிச்சித் தள்ளிட்டேன்" என்று அவன் யாரிடமோ சொன்னபடியே கட்டினான். "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. சும்மா நிக்காதீங்க."

இராமசாமி நெற்றியைப் பொத்திக்கொண்டு தங்கச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். கனகராஜ் அசையாமல் நின்றான். கையில் ஸ்பானர் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. பாப்பா அதைப் பார்த்தாள். அவள் முகம் மாவாக வெளுத்திருந்தது, ஆனால் நினைவு இருந்தது.

"வேணாங்க," என்றாள். "அவர அடிக்காதீங்க. போதும்."

ஸ்பானர் கீழே விழுந்தது. கனகராஜ் அவள் பக்கத்தில் விழுந்து, அவள் கையைப் பிடித்துத் தன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ பாப்பா, நீன்னு எனக்குத் தெரியாது பாப்பா! சத்தியமா தெரியாது! அவனுங்க ஆள்னு நெனச்சேன்!"

"எல்லாம் கேட்டேன். கீழயிருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் தன் கையை மெல்ல அவன் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். "அவங்க ஆளா இருந்தா ஏத்தியிருக்கலாமா?"

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.