ஓட்டை இல்லாத காட்சி

வசந்தகுமாருக்கு முப்பத்தொரு வயது. திருவள்ளூர்ப் பக்கத்து நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. இதற்கு முன் அவன் எடுத்த குறும்படத்தை ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் சிரிப்பதற்காகவே பார்த்தார்கள். உலகம் அழிந்து ஐந்து வருடம் ஆன பிறகும் அந்தக் கதையின் நாயகன் மழமழவென்று ஷேவ் செய்திருந்தான். எவனோ ஒருவன் அதைக் கண்டுபிடித்து எழுத, அதற்குக் கீழே மற்றவர்கள் ஆளுக்கொரு ஓட்டையைத் தேடித் தேடிப் போட்டார்கள். வசந்தகுமார் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

அதனால் இந்த முதல் சினிமாவில் அவன் ஒரு முடிவோடு வந்திருந்தான். லைட் ஆள், சமையல்காரர், யாராக இருந்தாலும் கதையில் நம்ப முடியாதது எதையாவது பார்த்தால் உடனே தன்னிடம் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடந்த ஒரு இறால் கம்பெனியை இருபது நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே பகல் செக்யூரிட்டியாக இருந்தவள் கிறிஸ்டினா. நாற்பத்து மூன்று வயது. கம்பெனி ஓடிய காலத்தில் அதே கட்டடத்தில் பதினான்கு வருடம் இறால் உரித்தவள்.

முதல் நாளே அவள் வந்து நின்றாள். “சார், ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லுங்கக்கா.”

“கம்பெனி மூடின நாலு வருசத்துல இங்க சீமக்கருவேலம் ஆள் ஒசரம் வளர்ந்து கெடந்துச்சி. அத்தெல்லாம் உங்க ஆளுங்க வெட்டிப் போட்டுட்டு பிளாஸ்டிக் கொடி கட்டிக்கினு கீறாங்க. ஆளே இல்லாத எடம்னு எப்டி சார் நம்புவாங்க?”

வசந்தகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான். வெட்டிப்போட்ட கிளைகளைத் திரும்பக் கொண்டுவந்து நட வைத்தான்.

மூன்றாம் நாள், கதையில் நோய் வந்து வெறி பிடித்த மனிதர்களைக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுகிற காட்சி. கிறிஸ்டினா மறுபடி வந்தாள்.

“அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும் சார். தள்ளினா தொறந்துக்கும். யாராச்சும் உள்ள மாட்டிக்கினா சாவக் கூடாதுன்னு வச்சது.”

“அதுங்களுக்குத் தள்ளத் தெரியாதுக்கா. மூளையே போயிடுச்சி.”

“முன்ன மனுசங்க தான சார். இங்கயே வேல செஞ்சவனா இருந்தா? நா இப்ப கூட கண்ண மூடிக்கினு அந்தக் குமிழத் தள்ளுவேன்.”

அன்று மாலைக்குள் காட்சி மாறியது. வெறி பிடித்தவர்களில் ஒருவனுக்கு கம்பெனி ஏப்ரனும் கம்பூட்ஸும் மாட்டிவிட்டார்கள். அவன் கை தானாகக் குமிழைத் தேடிப் போனபோது, பார்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் பச்சையப்பன் கரண்டியைக் கீழே போட்டார். அதன் பிறகு கிறிஸ்டினாவுக்குக் கேமரா பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் படப்பிடிப்பு நின்றது.

கதையில் ஒரு தாய். ஷெட்டில் குழந்தையோடு ஒளிந்திருக்கிறாள். வெறி பிடித்தவர்கள் உள்ளே நுழைந்ததும் குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறாள். அந்தத் தாயாக நடித்தவள் இளமதி, நாடகத்திலிருந்து வந்தவள். மேக்கப்போடு வந்து, முடியாது என்றாள்.

“எந்த அம்மாவும் இப்படிப் போக மாட்டா சார். நானே நம்பாம எப்படி நடிக்கிறது? ஜனங்க என்னைத்தான் திட்டுவாங்க.”

வசந்தகுமாருக்கே அந்தக் காட்சியில் சந்தேகம் இருந்தது. எழுதும்போது கை அதுவாக எழுதியது, ஏனென்று அவனுக்குத் தெரியாது. இதுதான் இணையத்தில் எல்லோரும் கிழிக்கப்போகிற இடம் என்று தோன்றியது. அவன் கிறிஸ்டினாவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. இது ஓட்ட தான? எடுத்துடட்டுமா?”

கிறிஸ்டினா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஓட்ட இல்ல சார்.”

“இன்னாக்கா சொல்றீங்க?”

“நா போயிருக்கேன்.”

பதினேழு வருடத்துக்கு முன்னால், அதே கட்டடத்தில், ஒரு மத்தியானம் குளிரூட்டும் குழாயில் அமோனியா கசிந்தது. முப்பது பெண்கள் உரிக்கிற மேஜையில் நின்றிருந்தார்கள். கண் எரிந்தது, மூச்சு நின்றது, யாரோ ஓடு என்றார்கள். பின்பக்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறை இருந்தது. ஆயா கைக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது கிறிஸ்டினாவின் ஒன்றரை வயது மகள் ஸ்நேகா.

“நா கேட்டாண்ட வந்துட்டேன் சார். நடுவுல புள்ள ஞாபகமே இல்ல. பேரு கூட இல்ல. காலு தான் ஓடுது. கேட்டாண்ட வந்து நின்னப்பறம் தான்…” அவள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “திரும்பி ஓடினேன். பாதி வழியில கன்னியம்மான்னு ஒரு அக்கா எதுர வந்தாங்க. இடுப்புல என் பொண்ணு. கம்பெனியில அவங்களுக்கு சால்வ போட்டு குடம் குடுத்தாங்க. நா கை தட்டினேன். எங்கூட்டுக்காரு கிட்ட, வழிய மறிச்சிட்டாங்க, போவ முடியலன்னு சொன்னேன். இன்னி வரைக்கும் அவருக்கு அப்டித்தான் தெரியும்.”

இளமதி அவள் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

“கேட்டுக்கு வந்ததும் முதல்ல எது ஞாபகம் வந்துச்சுக்கா?”

கிறிஸ்டினா யோசித்தாள். “கை லேசா இருந்துச்சி.”

ஒரே டேக்கில் அந்தக் காட்சி முடிந்தது. இளமதி கேட் வரைக்கும் ஓடிவந்தாள், நின்றாள், தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வசந்தகுமார் கட் சொல்ல மறந்து நின்றான். கிறிஸ்டினா அதைப் பார்க்கவில்லை. வெளியே பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

படம் வந்தால் எப்படியும் வீட்டில் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று சாயங்காலமே கிறிஸ்டினா ஸ்நேகாவை உட்கார வைத்துச் சொன்னாள். அவள் கணவர் எபினேசரும் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இத்தினி வருசம் இத்த வச்சிக்கினா இருந்த?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஸ்நேகா எழுந்து போனாள். இரண்டு நாள் அம்மாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. கிறிஸ்டினா அவளைத் தொந்தரவு செய்யவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வைத்தாள், அவள் எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனாள்.

சனிக்கிழமை ஸ்நேகா கேட்டாள். “ம்மா, அவங்க இப்ப எங்க கீறாங்க?”

கன்னியம்மா திருப்பாச்சூரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து, பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கன்னியம்மாவுக்கு ஸ்நேகாவை அடையாளம் தெரியவில்லை. கிறிஸ்டினா சொன்னதும் கை மாவோடு எழுந்து வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இத்தயா நா தூக்கினேன்?”

ஸ்நேகா அவள் காலைத் தொடக் குனிந்தாள். கன்னியம்மா பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

“வாணாம்மா. நீ வேற. கிறிஸ்டினா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எத்தினியோ தபா சொல்ல வந்து வாய மூடிக்கினேன்.” அவள் முந்தானையில் கை துடைத்தாள். “நா புள்ளைய எடுக்க உள்ள போவல. புதுசா ஒரு டிபன் கேரியர் வாங்கியிருந்தேன், மூணு அடுக்கு. லாக்கர் ரூம்ல இருந்துச்சி. அத்த எடுக்கத் தான் போனேன். தூளி வழியில இருந்துச்சி, இது முழிச்சிக்கினு பாக்குது. ரெண்டையும் தூக்க முடியல. இது என்னா கனம் தெரியுமா?”

கன்னியம்மா நிறுத்தவில்லை.

“அப்பால சால்வ போடறாங்க, குடம் குடுக்கறாங்க. எப்டி சொல்றது, சொல்லு. உன் மூஞ்சியப் பாக்கவே கூசும். அதான் அந்த வருசமே வேலய உட்டுட்டு வந்துட்டேன்.”

“நா உங்க மூஞ்சியப் பாக்க கூசிக்கினு இருந்தேன்க்கா,” என்றாள் கிறிஸ்டினா.

முதலில் சிரித்தவள் ஸ்நேகா. அடக்கப் பார்த்து முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. கிறிஸ்டினா பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் தோளில் தலையை முட்டிக்கொண்டாள்.

“அந்த கேரியர் இன்னா ஆச்சி?” என்று கேட்டாள் ஸ்நேகா.

“எவனோ அடிச்சிட்டான். ரெண்டு நாள் கழிச்சி போனா இல்ல.” கன்னியம்மாவின் குரலில் இன்னும் வருத்தம் இருந்தது. “நல்ல கேரியர்மா.”

அடுப்பில் இட்லி வெந்திருந்தது. மூன்று தட்டு எடுத்து வைத்து, அவளும் அவர்களோடு உட்கார்ந்தாள். ஸ்நேகா நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு கேட்டாள்.