தணுப்பு நாட்டு விசா

வேலை நேரத்தில் சிஜியின் அறையில் ஃபேன் ஓடக்கூடாது. அதன் இரைச்சல் மைக்கில் ஏறி, அணியிலுள்ள மற்ற நாலு பேர் காதிலும் விழும். பாறசாலை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில், சித்திரை மாதத்து மத்தியானத்தில் அது லேசுப்பட்ட காரியமல்ல. சிஜி நனைத்த தோர்த்துத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பெருவிரல்களில் பௌடர் தேய்த்து, ஃபோனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். காதில் பெரிய ஹெட்செட். திரையில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. வியர்வை புருவத்தில் இறங்கி நின்றாலும் துடைக்கக் கை ஒழியவில்லை.

அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் அப்பா சோமன் உட்கார்ந்திருந்தார். மகள் விளையாடும் நேரத்தில் அவருடைய ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போகாது, பலாமரத்தடியில் கிடக்கும். கோழியை விரட்டுவது, மீன்காரனைப் படலைக்கு அப்பாலேயே கையமர்த்துவது, அடுத்த வீட்டு ஜெயபாய் பேச்சுக் கொடுத்தால் வாயில் விரல் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வளைகுடாவில் ஒரு பணக்காரன் வீட்டு வாசலில் வருஷக்கணக்காகக் காவல் நின்றவர். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"என்ன சோமா, பிள்ள இன்னும் களிச்சு முடியல்லியா?" என்று ஜெயபாய் வேலிக்கு மேலாகக் கேட்டாள்.

"களி இல்ல, ஜோலியாக்கும்" என்றார் சோமன், குரலைத் தாழ்த்தி. "பெங்களூர் கம்பெனி மாசா மாசம் சம்பளம் குடுக்குது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சோமன் இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் ஃபோனைக் கிணற்றில் எறிந்திருப்பார். நர்சிங் படித்து, காரக்கோணத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்த பெண், எட்டு மாசத்தில் அதை விட்டுவிட்டு ஃபோனில் விளையாடப் போகிறேன் என்று வந்து நின்றாள். சோமன் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். பிறகு ஒருநாள் ஸ்டாண்டில் ஒரு பையன் ஃபோனை நீட்டி, "இது உங்க மகள்தானே?" என்றான். ஆயிரக்கணக்கான பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஜி ஒரு கட்டடத்துக்குள் ஒற்றைக்கு நின்று மூன்று பேரைச் சாய்த்ததும் ஸ்டாண்டே கைதட்டியது. அன்று வீட்டுக்குப் போகும்போது சோமன் அவளுக்குப் பழம்பொரி வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பேச்சு தானாக வந்துவிட்டது.

இந்த வருஷம் அவள் அணி தேசியப் போட்டியில் ஜெயித்திருந்தது. அடுத்தது உலகப் போட்டி. நடக்கும் நாட்டின் பெயர் சோமனின் வாயில் நுழையவில்லை. சிஜியின் அம்மா லேகா அதற்கும் வழி கண்டுபிடித்து, அங்கே குளிர் அதிகம் என்பதால் 'தணுப்பு நாடு' என்று சொல்லத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் ஊருக்கே அது தணுப்பு நாடாகிவிட்டது. பத்து நாள் போய்வரவேண்டும். போக முடியாதவருக்குப் பதிலாக வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனி முதலிலேயே சொல்லியிருந்தது. அந்த ஆட்டத்தில் இருபத்தைந்து வயது கிழவயது. சிஜிக்கு இருபத்துநாலு முடியப்போகிறது. இது போனால் இன்னொன்று வரும் என்று அவளுக்கு யாரும் ஆறுதல் சொல்லிவிட முடியாது.

விசாவுக்கு வேண்டிய காகிதங்களைக் கம்பெனி அனுப்பியது. போட்டி நடத்துகிறவர்களின் அழைப்பு, கம்பெனியின் கடிதம், போகவர டிக்கெட், தங்கும் ஹோட்டல் சீட்டு. சோமன் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, நெய்யாற்றின்கரையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பொன்னுதாஸிடம் கொண்டு காட்டினார். இருவரும் வளைகுடாவில் ஒரே அறையில் கிடந்தவர்கள். இந்தப் பக்கத்தில் வெளிநாடு போன பாதி நர்சுகளின் சர்ட்டிபிகேட் பொன்னுதாஸின் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கும். அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எலே சோமா, இதில ஒரு கனமே இல்லியே. களிக்கப் போறேன்னு செல்லி எவனாவது விசா குடுப்பானா? பிள்ள நர்சாக்கும். அதை எங்க?"

"கம்பெனி அது கேக்கல்ல."

"கம்பெனிக்கு என்ன தெரியும்? நர்சுன்னு கண்டா எந்த எம்பசியும் எழும்பி நிக்கும். அட்டஸ்ட் பண்ணின சர்ட்டிபிகேட்டை மேல வை. எக்ஸ்பீரியன்ஸ் பேப்பரையும் வை. பின்ன பாரு."

சோமனுக்கு அது நியாயமாகப் பட்டது. இந்த ஊரில் யாருக்கும் அப்படித்தான் படும். பாறசாலையிலிருந்து காட்டாக்கடை வரை பஸ்ஸில் போனால், வாசலில் கார் நிற்கும் வீடுகளில் பாதி ஒரு நர்சிங் சர்ட்டிபிகேட்டால் எழும்பியவை. கல்யாணப் பேச்சில் நகைக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஒரு காகிதம் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும்போது, எடுத்து வைக்காமல் விடுவது அவருக்குப் புத்திகெட்ட வேலையாகத் தோன்றியது.

கொச்சிக்குப் போகும் ரயிலில் சிஜி ஃபைலைத் திறந்தாள். மேலே சர்ட்டிபிகேட் இருந்தது.

"இது என்னத்துக்கு அப்பா?"

"கிடக்கட்டும் மக்கா. ஒரு கனத்துக்காக்கும்."

அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. அந்தக் காகிதம் ஒருவருக்குக் கெடுதல் செய்யும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

விசா விண்ணப்ப மையத்துக்குள் அப்பாக்களை விடமாட்டார்கள். சோமன் எதிரே நடைபாதையில் ஒரு பாதாம் மரத்து நிழலில் நின்றார். வெளியே வந்தபோது சிஜியின் முகம் தெளிவாக இருந்தது. எல்லாக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டார்களாம். தொடர்புக்கு ஒரு நம்பர் கேட்டிருக்கிறார்கள். விளையாட்டின் நடுவில் அழைப்பு வந்தால் ஆட்டம் அறுந்துபோகும் என்பதால், பகலில் அவள் ஃபோனுக்கு எந்த அழைப்பும் வராதபடிதான் வைத்திருப்பாள். அதனால் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

அழைப்பு அடுத்த வாரம் வந்தது. சோமன் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். எம்பசி என்ற சொல் காதில் விழுந்ததும் சோமன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். சிஜி இருக்கிறாளா என்று அவள் கேட்டாள்.

"ஷீ டூட்டி மேடம். ஐ ஃபாதர்."

உங்கள் மகள் நர்சா என்று கேட்டாள். சோமனுக்கு உச்சி குளிர்ந்தது. பொன்னுதாஸ் சொன்னது அப்படியே நடக்கிறது.

"எஸ் மேடம். குட் நர்ஸ். ரெஜிஸ்டர்டு நர்ஸ்."

எங்கள் நாட்டில் வேலை கிடைத்தால் செய்வாளா என்று அந்தக் குரல் கேட்டது. வளைகுடாவுக்கு ஆளெடுக்க வந்தவர்கள் முன்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய பதில் சோமனின் நாக்கில் தயாராக இருந்தது. தயங்கினால் ஆளைத் தள்ளிவிடுவார்கள் என்பது அவர் அந்தக் காலத்தில் கற்ற பாடம்.

"எஸ் மேடம். எனி ஹாஸ்பிட்டல். எனி டூட்டி, ரெடி மேடம்."

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். சோமன் ஸ்டாண்டிலிருந்த எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து லேகாவிடம் சொல்லும்போது வாயெல்லாம் பல்லாக இருந்தது. சிஜி அறையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"களிக்கத்தான் போறேன்னு செல்லினீங்களா அப்பா?"

"அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஃபைல்லதான் உண்டே."

"பத்து நாள்ல திரும்பி வருவேன்னு?"

அதை அந்த அம்மா கேட்கவில்லை. சோமனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. வெளிநாட்டுக்காரனிடம் போய், உங்கள் ஊரில் நான் தங்கமாட்டேன் என்று யாராவது சொல்வார்களா? சிஜி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் மூன்று ஆட்டத்தில் முதலிலேயே செத்துப்போனாள். அணித் தலைவன் உண்ணி கத்துவது ஹெட்செட்டுக்கு வெளியேயும் கேட்டது.

பாஸ்போர்ட்டு கூரியரில் திரும்பி வந்தது. அதனுள் ஒரு தாள் மடித்திருந்தது. சிஜி முற்றத்தில் நின்றபடியே அதைப் படித்தாள். அவள் முகம் கறுத்ததைப் பார்த்ததும் சோமனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இருந்தாலும், "என்னவாக்கும் எழுதியிருக்கு, செல்லு" என்றார்.

"விசா இல்லியாம்."

"காரணம்?"

"விளையாட்டுன்னு செல்லி உள்ள வந்து, நர்ஸ் வேலை பாத்துக்கிட்டு அங்கேயே நின்னுருவேனாம். கல்யாணம் ஆகல்ல, சொத்து இல்ல, திரும்பி வருவேங்கிறதுக்கு நம்பிக்கை இல்லியாம். வீட்டு ஆளே வேலைக்கு ரெடின்னு செல்லிச்சாம்."

சோமன் ஆட்டோவின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். ஓட்டுகிற சீட்டில்கூட உட்காரத் தோன்றவில்லை. மகளின் இரண்டு வருஷ உழைப்பை ஒரே ஃபோன் பேச்சில் தொலைத்துவிட்டோமே என்றே நினைத்துக்கொண்டிருந்தார். லேகா சாயா கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை படிந்தது.

சிஜிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானாக்கும் கெடுத்தது மக்கா" என்றார் சோமன். "நல்லதுன்னு நினைச்சு செய்தேன்."

"ரயில்ல நானும் கண்டேனே அப்பா. எடுத்து மாத்தி வைக்கல்லியே."

மறுபடி விண்ணப்பிக்க நாள் இல்லை. கம்பெனிக்காரர்களும் எழுதிப் பார்த்தார்கள். எம்பசியிலிருந்து பதில் வரவில்லை. கடைசியில் உண்ணி அழைத்தான். நல்ல பையன்தான், சொல்லவந்ததைச் சொல்ல முடியாமல் மென்று விழுங்கினான். அவள் இடத்துக்குப் புனேயிலிருந்து ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள். அவனுக்கு ஏற்கெனவே அந்தப் பக்கத்து விசா இருக்கிறதாம். அந்த மாசத்தோடு சிஜிக்குச் சம்பளமும் நின்றது. அறையில் ஃபேன் பகல் முழுக்க ஓடியது. சோமன் வாசல் நாற்காலியை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டார். அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

பொன்னுதாஸ் ஒருநாள் வீடு தேடி வந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சியும் இருந்தது, ஒரு உற்சாகமும் இருந்தது.

"சோமா, கோபப்படாத. நெய்யாற்றின்கரை ஹால்ல சனிக்கிழமை நர்ஸ் இன்டர்வியூ. சாட்சாத் தணுப்பு நாட்டுக்காரங்களே நேரா வாறாங்க. அங்க நர்சுக்கு அவ்வளவு பஞ்சமாம். விசா, டிக்கெட், தங்குற தாமசம் எல்லாம் அவிய செலவு."

சோமனுக்கு ஆத்திரம் வந்தது. "எந்த நாடு? பத்து நாளைக்கு விடமாட்டேன்னானே, அந்த நாடா?"

"அந்த நாடேதான்."

போகவேண்டாம் என்று சொல்ல சோமன் வாயெடுத்தார். அதற்குள் சிஜி வாசலுக்கு வந்து, "எத்தனை மணிக்கு மாமா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை சோமனே வண்டியில் கொண்டுவிட்டார். ஹால் வாசலில் நூற்றுக்கு மேல் பெண்கள் நின்றார்கள். கள்ளிக்காட்டிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் வந்தவர்கள், அப்பாவோடும் புருஷனோடும் கைக்குழந்தையோடும். வாசலிலேயே பன்னீர் தெளித்தார்கள். வெள்ளைக்காரி ஒருத்தி கைகூப்பி 'வணக்கம்' சொன்னாள். உள்ளே பெரிய திரையில் அந்த நாட்டுப் படம் ஓடியது. பனி விழும் தெருக்கள், டிராம் வண்டி, ஆற்றுப்பாலம். ஸ்டாண்டுப் பையன்கள் காலையிலிருந்தே ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. உலகப் போட்டி அன்றைக்குத்தான் அங்கே தொடங்கியிருந்தது.

சோமன் வெயிலில் வண்டியோடு காத்திருந்தார். சிஜி போன சுருக்கில் திரும்பி வந்தாள்.

"என்ன மக்கா, இவ்வளவு பெட்டென்னு?"

"கிடைச்சாச்சு. மொழி கிளாஸுக்குத் திங்கக்கிழமை வரச் செல்லிட்டாங்க."

"அதிகம் கேள்வி கேக்கல்லியா?"

"ஒண்ணுதான் கேட்டாங்க." அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். "ஊருக்குத் திரும்பி வாற எண்ணம் உண்டான்னு."

"நீ என்ன செல்லின?"

"இல்லன்னு செல்லினேன். எழும்பி வந்து கை தந்தாங்க."

சோமன் முன்னால் திரும்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஆலும்மூடு ஜங்ஷனில் வண்டிகள் தேங்கி நின்றன. ஆட்டோவின் கூரை சூடேறி உள்ளே அனலடித்தது. கண்ணாடியில் பார்த்தார். தேர்வான பெண்களுக்கெல்லாம் கொடுத்த கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வியர்த்து வழிய, சிஜி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.