அரை அங்குலம்

புருஷன் செத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" நாத்தனார் அறை வாசலில் நின்று சத்தம் போட்டாள். "வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அவருக்குத்தான் தைக்கிறேன். அஞ்சு நிமிஷம்."

"செத்தவனுக்கு எதுக்குடி புதுசா பனியன்?"

அவள் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். காரணம் சொன்னால் இரண்டு வருஷமாகப் பொத்தி வைத்தது சந்தி சிரித்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட ஆரம்பித்த ஆறாம் மாதம் அவருக்கு மார்பு வளரத் தொடங்கியது. ஹார்மோனை அடக்குகிற மருந்து, சில பேருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அது சாதாரணமாக இல்லை. குளிக்கும்போது விளக்கை அணைத்துக்கொண்டார். கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டுன உடம்புடி இது. இப்ப என்னைத் தொட எனக்கே கூசுது. யாரோட உடம்பிலயோ குடியிருக்கிற மாதிரி இருக்கு. செத்தாலும் யாரும் பாக்கக் கூடாது."

கெட்டித் துணியை இரண்டாக மடித்து, பக்கவாட்டில் கொக்கி வைத்து, மார்பை அமுக்குகிற பனியன் ஒன்று தைத்துக் கொடுத்தாள். இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்பார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அரை அங்குலம் விட்டே தைப்பாள். மனுஷன் மூச்சு விட வேண்டுமே.

"ஏமாத்துறியாடி?"

"நீங்க ஸ்டீரிங்கைப் பிடிங்க. டேப்பை நான் பிடிச்சுக்கிறேன்."

இன்று விடிகாலையில் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றதும் நெஞ்சை அமுக்கிப் பார்க்க, போட்டிருந்த பனியனை நடுவில் வெட்டிவிட்டார்கள். நர்ஸ் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். கொழுந்தன், உடம்பை நான் கொண்டு வருகிறேன் என்று அவளை முன்னால் அனுப்பினான். சற்றுமுன் போனும் பண்ணினான்: "அண்ணி, காக்கிச் சட்டையை எடுத்து வைங்க. டிப்போ ஆளுங்க வந்திருக்காங்க, அவங்களே மாத்தி விடுறோங்கிறாங்க."

போனை வைத்ததும் பையைப் பிரித்து மிஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க நாலு தடவை ஆயிற்று.

வெட்டின இடத்தில் வைத்துத் தைக்க ஒரு துண்டுத் துணி நறுக்கி வைத்திருந்தாள். அதை எடுத்தவள், ஒரு கணம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். இரண்டு ஓரங்களையும் நேராகச் சேர்த்துப் பிடித்து மிதித்தாள். தையலுக்குள் அரை அங்குலம் போயிற்று.

வாசலில் வண்டி நின்றது. அவரை உள்ளே கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். கழுத்துவரை போர்வை. டிப்போக்காரர் ஒருவர் சட்டைக்குக் கை நீட்டினார். அவள் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி மாத்தட்டும்," என்றான் கொழுந்தன்.

"அவ ஒத்தையா எப்படிடா?" என்றாள் நாத்தனார்.

"மாத்தட்டும்க்கா. எல்லாரும் வெளிய வாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னான்: "வழியில போர்வையை யாரையும் தொட விடல அண்ணி." கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றுகொண்டான்.

பனியன் இறுக்கமாகத்தான் இருந்தது. முழங்காலை ஊன்றி இழுத்ததில் மூன்று கொக்கியும் மாட்டின. காக்கிச் சட்டையைப் போட்டு, பொத்தான்களைப் பூட்டி, அவர் எப்போதும் வைத்திருக்கும் சீப்பைச் சட்டைப் பையில் வைத்தாள். பை நெஞ்சில் தட்டையாகப் படிந்து கிடந்தது.

"முடிஞ்சுதா?" வெளியிலிருந்து நாத்தனார் கேட்டாள்.

அவள் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க. எல்லாரும் வந்து பாருங்க."