ஒன்பது தட்டு

அம்பிட்டிய பஸ்ஸின் கண்டக்டர் இப்ஹாமுக்கு அன்று பின்னேரம் மூன்று மணிக்கு ஸ்பானிய மொழிப் பரீட்சை. தேறினால் கண்டியில் சுற்றுலா வழிகாட்டி வேலை. தேறாவிட்டால் இதே பஸ், இதே மிதிபலகை. பஸ் முதலாளி லீவு தரவில்லை. ஆகவே போனிலேயே பரீட்சை வைப்பதாக சுற்றுலாக் கம்பெனியின் றலியா மிஸ் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரமாக அவன் நீளச் சொற்களை அசை அசையாகப் பிரித்துப் பழகியது பஸ்ஸின் தகரத்தில்தான். சாதாரண அசைக்கு மெல்லிய தட்டு, அழுத்தம் விழும் அசைக்கு ஓங்கி ஒன்று. காது மூக்குத் தொண்டை டாக்டருக்கு ஸ்பானியர்கள் ஒன்பது அசை செலவழித்திருந்தார்கள்: ஓ-தோ-ர்ரி-னோ-லா-ரின்-கோ-லோ-கோ. ஏழாவதில் அழுத்தம். ஆறு வருடமாக "அம்பிட்டிய, அம்பிட்டிய" என்று கத்தும் தன் தொண்டை எங்கே அழுத்துகிறது என்பதையும் அவன் இப்போதுதான் கவனித்தான்: 'ட்டி'யில்.

சிக்கல் டிரைவர் வீரையாவின் காதில் இருந்தது.

"தம்பி, ஒண்ணுன்னா நிப்பாட்டு, ரெண்டுன்னா போ. ஒம்பது தட்டுனா நான் எங்க போறது?"

பேசி முடிவுக்கு வந்தார்கள். மெல்லிய தட்டை வீரையா கண்டுகொள்ளமாட்டார். ஓங்கித் தட்டினால் பிரேக். எடுப்பதற்கு விசில்.

மூன்று மணிக்குப் போன் வந்தது. றலியா மிஸ் அந்த டாக்டரையே கேட்டார், ஒன்பது அசையையும் அழுத்தமில்லாமல் ஒரே சீராக ஒப்பித்து; அழுத்தத்தை அவன்தான் வைக்க வேண்டும். இப்ஹாம் தட்டிக்கொண்டே சொல்லத் தொடங்கினான். 'ரின்' வரை வந்ததும் பயத்தில் அழுத்தம் எங்கே என்பது மறந்துபோயிற்று. காலையிலிருந்து அந்தச் சொல்லை நாற்பது தடவை கேட்டிருந்த வீரையா, தட்டுக்குக் காத்திராமல் ஏழாவதில் பிரேக்கை மிதித்தார். இப்ஹாம் முன்னால் சாய, 'கோ' முழுப் பாரத்தோடு வாயிலிருந்து விழுந்தது. யாருடையதோ கரட் பை ஒன்றும் விழுந்தது.

யார் சொல்லித் தந்தது என்று றலியா மிஸ் கேட்டார்.

"டிரைவர் பிரேக் போட்டார், மிஸ்."

அப்படியானால் பஸ்ஸை நிறுத்திவிட்டு இன்னொன்று சொல்லும்படி உத்தரவாயிற்று. அழுத்தத்தைக் காட்டும் கோடு எந்த எழுத்தின் தலையிலும் இல்லாத சொல்: ரெ-ஃப்ரி-ஹே-ரா-தோர். அவன் கேள்விப்படாதது.

பஸ் ஓரங்கட்டி நின்றது. கரட் பொறுக்கியவர்கள்கூட அசையவில்லை. இப்ஹாம் தட்டும் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு யோசித்தான். கடைசி எழுத்து உயிரெழுத்தானால், அல்லது 'என்', 'எஸ்' ஆனால், அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில். இது 'ஆர்' எழுத்தில் முடிகிறது. அப்படியென்றால் கடைசி அசையில்.

"ரெஃப்ரிஹேராதோர்" என்றான், 'தோர்' மீது ஏறி நின்று.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார் றலியா மிஸ்.

வீரையா திரும்பி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"பிரிஜ், அண்ணே."

"ஒரு பிரிஜ்ஜுக்கா இம்புட்டு நேரம் பஸ்ஸ நிப்பாட்டுன?" என்றவர், விசில் வருமுன்பே பஸ்ஸை எடுத்தார்.